பாடகர் வந்து சேராத ஆம்ப்ளிஃபயர்

என் அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமா பஸ் டிரைவர். அந்தக் காலத்துப் பஸ்களில் டிரைவருக்கு இடப்பக்கம்தான் இன்ஜின். நாள் முழுக்கக் காதோரம் உறுமிக்கொண்டே வரும். வீட்டுக்கு வந்தால் காதுக்கு இதமாக ஏதாவது கேட்க வேண்டும் மாமாவுக்கு. கல்யாணமான புதிதில் இருவருக்கும் வந்த முதல் சண்டையே அதனால்தான்.

கடையில் அத்தைக்குப் பிடித்துப்போனது ஒரே பெட்டி. ரேடியோ, கேசட், ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள்ளேயே. பிளக்கைச் சொருகினால் பாட்டு. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் தனித்தனியாக இருந்தால்தான் சத்தம் சுத்தமாக இருக்கும், ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம் என்றார். மொத்தமாக வாங்கக் கையில் வசதி இல்லை. அதனால் முதலில் ஆம்ப்ளிஃபயரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

ஹாலில் அது சிவப்பு விளக்கு எரிய ஊமையாக உட்கார்ந்திருந்தது. மாமா தினமும் அதைத் துடைப்பார், சும்மாவேனும் குமிழைத் திருகிப் பார்ப்பார். கச்சேரி எப்போது என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"பாடகர் இன்னும் வந்து சேரலையாம்" என்பாள் அத்தை.

பிறகு கேசட் டெக் வந்தது. ஆள் உயரத்தில் பாதி இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் வந்தன. முதன்முதலாகப் பாட்டு போட்ட அன்று, டூட்டி முடிந்து வந்த அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பாடுறவங்க மூச்சு விடுறதுகூடக் கேக்குதே" என்று மெல்லச் சொன்னாள்.

அதற்குப் பின் அந்த ஒற்றைப் பெட்டியைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. பெருக்கும்போது மட்டும் வயர்களைத் திட்டுவாள். விடுமுறைக்குப் போனால் நாங்கள் அந்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில்தான் பாய் விரிப்போம். பாட்டு எங்கள் தலைக்கு மேல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதாகத் தோன்றும். இன்று எத்தனையோ வசதிகள் வந்துவிட்டன. அப்படியொரு தூக்கம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

ஓய்வுபெறும் முன்பே மாமாவுக்கு இடக்காது அடியோடு போய்விட்டது. கொஞ்ச நாள் வெளியே காட்டிக்கொள்ளாமல் சமாளித்தார். ஒருநாள் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"பாதிப் பாட்டுதான் கேக்குது. எல்லாத்தையும் வித்துட்டு, நீ அன்னிக்குக் கேட்ட மாதிரி ஒரே பெட்டியா வாங்கிக்கலாம்."

அடுத்த லீவு நாளில் அத்தை சோபாவைத் திருப்பிப் போட்டாள். பேண்டேஜ் வெட்டும் கத்தரிக்கோலால் வயரின் நுனியைச் சீவி, நீளம் கூட்டி, இரண்டு ஸ்பீக்கர்களையும் அவருடைய வலப்பக்கத்துக்கு இழுத்து வைத்தாள். மாமா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே பெட்டியா இருந்தா ஸ்பீக்கரை மட்டும் இப்படி நகர்த்த முடியுமா? வந்து உக்காருங்க" என்றாள்.

மாமா வந்து உட்கார்ந்தார். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேசட்டின் ஒரு பக்கம் முழுவதையும் இருவரும் கேட்டார்கள். முடிந்ததும் மாமா எழுந்து போய், மறுபக்கம் திருப்பிப் போட்டார்.