சபையில் நான் சொன்ன சாட்சி

குருண் என்ற ஊரில் எனக்கு ஒரு டயர் கடை இருக்கிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தில் நான் ஒரு காசு குறைத்ததில்லை. ஆனால் வரிக் கணக்கில் பாதி விற்பனையைக் காட்டவே மாட்டேன். ஆண்டவருக்குச் சரியாகக் கொடுத்தால் போதும் என்பது என் எண்ணம்.

ஒரு ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்தது. மைக்கை வாங்கி, "வரி ஆபீஸ்ல இருந்து வந்தாங்க லா. கணக்கப் பாத்தாங்க, ஒண்ணும் கேக்காம போய்ட்டாங்க. கர்த்தர் அவங்க கண்ண மறைச்சிட்டாரு!" என்றேன். சபை "அல்லேலூயா!" என்றது.

அடுத்து எழுந்தவர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மேரி அக்கா. "எங்க வீட்டுக்காரருக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில நெஞ்சுல ஆபரேஷன் பண்ணாங்க. பிரைவேட்ல கேட்ட காசுக்கு வீட்ட வித்தாலும் பத்தாது. கர்த்தர்தான் காப்பாத்துனாரு," என்று அழுதார். சபை அதே உற்சாகத்தோடு "அல்லேலூயா!" என்றது.

அவர் கணவர் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். திறந்திருந்த சட்டைக் கழுத்தில் தையல் தழும்பு தெரிந்தது. அந்த ஆபரேஷனுக்கு யார் யாரோ கட்டிய வரி போயிருக்கிறது. அதில் என் பங்கைக் கொடுக்காமல் தப்பித்ததற்குத்தான் நான் கர்த்தருக்கு நன்றி சொல்லியிருந்தேன். என் சாட்சியைக் கேட்டிருந்தும் அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. வெளியே வரும்போது, "கடை நல்லா ஓடுதா தம்பி?" என்றுதான் கேட்டார்.

மறுநாளே கணக்கரிடம் போனேன். மறைத்ததையெல்லாம் சொல்லி, அபராதத்தோடு கட்டிவிட்டேன். அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அந்தச் சாட்சி தவறு என்று சபையில் சொல்லத்தான் இன்னும் துணிவு வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மைக் என் வரிசைக்கு வருகிறது. நான் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறேன்.