அவசரமில்லாத கார்

அந்தக் காரை முதலில் பார்த்தபோது அதன் பின்சக்கரம் ஒன்று மட்டும்தான் என் கண்ணில் பட்டது. கார்வேட்டிநகரத்தில் பழைய ஜமீன் எஸ்டேட் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. உள்ளே கூரைவரைக்கும் வேர்க்கடலைத் தோல். அதை வாரிப் போட்ட இடத்தில், சைக்கிள் சக்கரம் மாதிரிக் கம்பிகள் பின்னிய பெரிய சக்கரம் ஒன்று எட்டிப் பார்த்தது. என்னை அழைத்துப் போயிருந்த டிரைவர் அண்ணன், “யார்கிட்டயும் மூச்சு வுடாத” என்றார். நல்ல காரியத்துக்கு எதற்கு ரகசியம் என்று எனக்கு அப்போதே தோன்றியது. சந்தேகம் என் கூடப் பிறந்தது. வாழைப்பழத்தைக்கூட நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உரிப்பேன்.

நான் புத்தூரில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் ஃபிட்டராக இருந்தேன். அண்ணன் அங்கே பஸ் ஓட்டினார். அதற்கு முன்னால் அவருக்கு எஸ்டேட்டில் வேலை. எஸ்டேட் சின்னவர் மதராசில் கார்ப் பந்தயம் ஓட்டிய நாட்களில், பக்கத்து சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்து எண்ணெய் பம்பை அடித்துக்கொண்டே போனவர் இவர்தான். “பம்பு அடிச்சதோட சரி. ஸ்டியரிங்க தொட வுட்டதில்ல” என்பார். எஸ்டேட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் சின்னவர் மதராசுக்கே போய்விட்டார். கொட்டகைச் சாவி மட்டும் இவரிடம் தங்கிவிட்டது. ஒரே ஒரு தடவை அந்தக் காரைத் தான் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அண்ணனின் ஆசை. அதைச் சொல்லும்போது ஐம்பதை நெருங்கிய மனிதருக்கு வெட்கம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வேலை பார்த்தோம். கதவு கிடையாது, மட்கார்டு கிடையாது, இரண்டு பேர் ஒட்டி உட்காரலாம். பானெட்டை ஒரு தோல் வார் இழுத்துக் கட்டியிருந்தது. புகைக்குழாய்க்குள் எலிகள் பல தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருந்தன. பிஸ்டன்கள் இறுகிக் கிடந்தன. ப்ளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியாக மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி, மூன்று வாரம் ஊறவிட்டோம். பிறகு கைப்பிடியைப் போட்டு அழுத்தியபோது பிஸ்டன் அரை அங்குலம் நகர்ந்தது. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ப்ளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவை நான் சித்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுக் கம்பி சுற்றி வாங்கி வந்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் அது இருமி, கறுப்பாகத் துப்பி, பிறகு போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த எருமை முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

அத்தோடு ரகசியமும் ஓடிப்போயிற்று. ஆந்திரம் தனி மாநிலமாகிவிட்ட பிறகும் எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் மதராஸ் பக்கம் என்று முடிவாகாத காலம் அது. தமிழ் பேசுகிறவன் அவர்கள் ஆள், தெலுங்கு பேசுகிறவன் இவர்கள் ஆள் என்று டீக்கடையிலேயே பிரித்துவிடுவார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பேசுகிற எங்களைப் பார்த்தால் எல்லோருக்கும் சந்தேகம். காரை எல்லை தாண்டிக் கடத்தப் போகிறோம் என்று பேச்சு கிளம்பியது. அண்ணன் பயந்துபோய், வண்டி ஓடுகிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டுச் சின்னவருக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னார். நான் எழுதிப் போட்டேன்.

பதில் தெலுங்கில் வந்தது. அண்ணனுக்கு இரண்டு மொழியும் பேச வரும், எதுவும் படிக்க வராது. நான் பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்துத் தெலுங்கு எழுத்தைப் பிடித்துக்கொண்டவன். எழுத்துக் கூட்டி மனசுக்குள் படித்துவிட்டு அவருக்குத் தமிழில் சொன்னேன்.

“சௌக்கியமா கீறாராம்ண்ணா. ஒன்னையும் ஒடம்ப பாத்துக்கச் சொல்றாரு. அந்தக் காரு அவருக்கு அவசரம் இல்லியாம்.”

“அப்பிடியா சொன்னாரு?” என்று கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சின்னவரே வேண்டாம் என்று விட்டுவிட்டார், இனி வண்டி அண்ணனுடையதுதான் என்று எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

ஆனால் அவர் ஓட்டவில்லை. துடைத்தார், இன்ஜினைப் போட்டுப் பார்த்தார், மறுபடி மூடினார். ஒரு ரவுண்டு வுடுண்ணா என்றால், “அவரு வண்டிடா. மொதல்ல அவரு உக்காரட்டும்” என்பார். வேண்டாம் என்று எழுதிய மனிதர் எதற்கு வந்து உட்காரப் போகிறார்? எனக்கு மண்டை குடைந்தது. ஷெட்டுக்கு வரும் லாரிக்காரர்களிடம் அவர் மதராஸ் ரோட்டைப் பற்றி விசாரிப்பதைக் கேட்டேன். கொட்டகையில் இரண்டு டின் பெட்ரோல் புதிதாக வந்திருந்தது. மதராசில் எவனுக்கோ விற்கப் பேசி முடித்துவிட்டார், என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார் என்று தீர்மானித்துவிட்டேன். ஆறு மாதம் கிரீஸில் குளித்தவன் நானும்தானே.

ஒரு ஞாயிறு காலையில் போனபோது கொட்டகை காலியாகக் கிடந்தது. நேராகப் புத்தூர் வந்து போலீசில் சொன்னேன், கார் கடத்தல் என்று. சொல்லிவிட்டு வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நகரிக்கு இந்தப் பக்கமே பிடித்துவிட்டார்கள். கான்ஸ்டபிள் சைக்கிளில் போய்ப் பிடித்தாராம். பந்தயக் காரைச் சைக்கிளில் பிடித்த கதையைச் சொல்லிச் சொல்லி நகரி ஸ்டேஷனில் சிரித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். “வண்டி அவருதுங்க. எல்லைக் கோடு போட்டுட்டா இங்கயே மாட்டிக்கும், அதான் கொண்டும்போய் குட்த்துடலாம்னு போய்க்கினு இருந்தேன்.” அப்படியே எழுதச் சொல்லிக் கைநாட்டும் வைத்துவிட்டார்.

தந்தி போய், மறுநாள் மதராசிலிருந்து சின்னவரின் காரியஸ்தர் வந்தார். வந்தவருக்கு ஒரே எரிச்சல். “வேணாம்னு அப்பவே எழுதினாரேய்யா. நீயே வெச்சிக்கினு இருக்கலாமே. இப்ப போலீஸ் வரைக்கும் வந்துட்டுது. இந்த வம்பே வேணாம், யாருக்காவது தள்ளி வுட்டுடுன்னுட்டாரு.” மத்தியானத்துக்குள் காரை லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பையிலிருந்து கார்டை எடுத்தார். “தமிழ்ல சொல்லாத. கீறது கீறபடி படி” என்றார்.

“ஆ காரு நாகு அவசரமு லேது” என்று படித்தேன். படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. எல்லாவற்றையும் தமிழாக்கிச் சொன்னவன், இரண்டு மொழியிலும் இருக்கிற சொல்தானே என்று அந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். சின்னவர் ‘எனக்குத் தேவையில்லை’ என்று எழுதியதை, ‘மெதுவாகக் கொடுத்தால் போதும்’ என்று அண்ணன் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் செய்த ஒவ்வொன்றையும் நான் திருட்டு வேலையாகப் பார்த்திருக்கிறேன்.

எல்லை பிற்பாடு முடிவாயிற்று. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நாங்கள் இந்தப் பக்கம் தங்கிவிட்டோம். அண்ணன் காலமாகியும் வெகுநாளாகிவிட்டது. இப்போது நான் நகரி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது சின்னச் சின்னக் கார்கள்கூட எங்களை முந்திக்கொண்டு பறக்கின்றன. போலீசுக்குச் சொன்னது நான்தான் என்பதைக் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. பலமுறை வாயெடுத்தேன். தைரியம் வரவில்லை.

காரை லாரியில் ஏற்றிய அன்றைக்குப் புத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, “எப்பிடிண்ணா ஓடிச்சி?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் ஓடிச்சி. அவருக்கு அவசரமில்லன்னு நீ சொல்லியிருந்தியா, அடுத்தவங்க வண்டியாச்சேன்னு மாட்டு வண்டிக்குப் பின்னாலயே மெதுவா போனேன்” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “என்னுதுன்னு தெரிஞ்சிருந்தா ஒரு தடவ அழுத்திப் பாத்திருப்பேன்டா.”