மூடித் தைத்த பெல்ட்

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் பக்கம் இருக்கும் என் மாமனார் வீட்டுக் குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனபோது நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன் என் சகலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். துபாயில் பல வருடம் பஸ் ஓட்டிவிட்டு வந்தவர். வந்தவர் சும்மா இருந்தாரா? ஒரு பழைய வேனை வாங்கிக் கேரவனாக மாற்றினார். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஃபேன் எல்லாம் உண்டு. கோயில் பார்க்க வரும் வெளியூர்க் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவது அவர் திட்டம். வண்டி வந்து நின்ற நாளிலிருந்து என் வீட்டில் வேறு பேச்சே இல்லை. "அக்கா வூட்டுக்காரருக்கு இன்னா மூளை பாரேன்" என்று என் மனைவி சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. நான் மட்டும் என்ன, மூளையை அடகு வைத்தவனா? பதினைந்து வருடமாகக் கார், வேன்களுக்கு சீட் கவர் தைக்கிறவன்.

அந்தக் கேரவனுக்கும் சீட் வேலை செய்தது நான்தான். பொறாமைப்படுகிறவன் வேலையைக் கெடுப்பான் என்று நினைப்பீர்கள். நான் நேர்மாறாகச் செய்தேன். உள்ளே ஏறுகிறவர்கள் வண்டியை மறந்துவிட்டு என் சீட்டைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று தைத்தேன். மாம்பழ மஞ்சளில் ரெக்சின், அரக்கு நிறத்தில் பார்டர், பட்டுப்புடவை மாதிரியே. பெரிய ஜன்னலை ஒட்டிப் பக்கவாட்டில் இருந்த நீள சோபாவுக்கு மட்டும் நான்கு நாள் பிடித்தது. டிரைவருக்குப் பின்னால் மூன்று சீட்டுகள். அவற்றில் பெல்ட் மாட்டுகிற லாக்குகள் கறுப்பாகத் துருத்திக்கொண்டு என் பார்டரின் அழகைக் கெடுத்தன. வழக்கமாகச் செய்வதுபோல உள்ளே தள்ளி, கவரை இழுத்து மூடித் தைத்துவிட்டேன். பின் சீட்டில் யார் பெல்ட் போடப் போகிறார்கள் என்று நினைப்பு.

பெண்கள் எல்லோரும் முதல் நாளே கோயிலுக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு காலை சகலையும் நானும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அவருக்கு இரண்டு பையன்கள். எனக்கு ஐந்து வயதில் ஒரே பெண். "என் பைக்ல போலாம் வா" என்று கூப்பிட்டேன். "பைக் வேணாம், பெரியப்பா வண்டிலதான் வருவேன்" என்று ஓடிவிட்டாள். சரி, என் சோபாவையாவது பார்க்கட்டும் என்று நானும் ஏறினேன்.

ஏறிப் பார்த்தால், என் தையலை பிளேடால் கீறி மூன்று லாக்குகளையும் வெளியே எடுத்து வைத்திருக்கிறார் மனுஷன். எனக்கு ரத்தம் கொதித்தது.

"கோச்சிக்காத சகல. கொயந்தைங்க உக்கார்ற எடம்பா. பெல்ட்டு இல்லாம நான் வண்டிய எடுக்க மாட்டேன்" என்றார்.

அதோடு விட்டாரா? சென்னைக்குப் போய் என் பெண்ணுக்கென்று ஒரு குழந்தை சீட் வாங்கி வந்து நடு சீட்டின் மேல் பொருத்தியிருந்தார். பெரியவர்கள் பெல்ட் அவளுக்குக் கழுத்தில் அறுக்குமாம். பெற்றவனுக்குத் தோன்றாதது இவருக்குத் தோன்றியிருக்கிறது. பொங்கல் பானையைக்கூட அலமாரிக்குள் வைத்துத் தாழ்ப்பாள் போட்டார். "வண்டி ஓடச்சொல்ல சோபாவுல யாரும் உக்காரக்கூடாது. நின்னப்புறம்தான்" என்று ஒரு சட்டம் வேறு. நான்கு நாள் வேலை காலியாகக் கிடக்க, நான் முன் சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் என் பெண் பெரியப்பா பெரியப்பா என்று கதை பேசிக்கொண்டு வந்தாள்.

ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலம் வந்தது. அந்த வருடம் நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் ஓடியது. எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. எழுந்து பின்னால் போனேன்.

"பாப்பா, அப்பா செஞ்ச சோபாவுக்கு வா. ஆத்துல தண்ணி போவுது பாரு."

"பெரியப்பா கழட்டக்கூடாதுன்னு சொல்லிக்கிறாருப்பா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? நானே பெல்ட்டைக் கழற்றி, அவளைத் தூக்கிச் சோபாவில் என் மடியில் வைத்துக்கொண்டேன். சகலை கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"சகல, பாப்பாவ சீட்ல வைப்பா. பாலம் தாண்டி ஓரங்கட்டறேன், எறங்கியே பாக்கலாம்."

"என் பொண்ண எனக்குப் பாத்துக்கத் தெரியும்" என்றேன்.

பாலம் முடிகிற இடத்தில் ஒரு பைக்காரர் குறுக்கே திரும்பினார். சகலை பிரேக் அடித்தார். வண்டி ஒன்றும் வேகமாகப் போகவில்லை. நாளெல்லாம் ரெக்சினை இழுத்து இழுத்து உரமேறிய கைகள் என்னுடையவை. அந்தக் கைகளில் ஐந்து வயதுக் குழந்தை நிற்கவில்லை. எப்படிப் போனாள் என்றே தெரியவில்லை. தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியின் முனையில் போய் மோதி விழுந்தாள். தாடை கிழிந்து ரத்தம். பையன்கள் இருவரும் பெல்ட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நடு சீட் காலியாக இருந்தது.

சகலை ஒரு வார்த்தை திட்டவில்லை. துண்டை மடித்து அவள் தாடையில் என்னை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அவளை அவரே தூக்கி அந்தச் சீட்டில் வைத்து, பெல்ட்டைப் போட்டார். "நீயும் பக்கத்துல உக்காந்து பெல்ட்ட போடு. அப்புறம் அழுவலாம்" என்றார். மூத்தவனை முன்னால் வரச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர்.

கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். கட்டோடு குழந்தையைப் பார்த்ததும் பெண்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டார்.

"நான்தாம்மா. சடன் பிரேக் போட்டுட்டேன்."

அவர் மனைவி பிடித்துக்கொண்டார். "துபாய்ல ஓட்டுனேன் துபாய்ல ஓட்டுனேன்னு பீத்திக்கினு இருந்தியே, ஒரு கொயந்தைய பத்திரமா கூட்டியாரத் தெரியல?" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கிழித்தெடுத்தார். என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். சகலை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இத்தனை வருடமாக நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிடம் எனக்கு இனிக்கத்தான் செய்தது.

அப்போது என் பெண்ணைப் பார்த்தேன். வாயைத் திறந்து பேச முடியாமல், பெரியப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு இல்ல. நான்தான் பெல்ட்ட கழட்டுனேன். வேணாம்னு அவரு சொன்னாரு" என்றேன். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். பத்து நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஊருக்கு வந்ததும் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். வண்டியைக் கொண்டுவாருங்கள், பெல்ட் லாக்கை மூடித் தைத்திருக்கிறேன், பிரித்துத் தருகிறேன் என்றேன். சிலர் சிரித்தார்கள். சிலர் பாவம், இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். வந்த வண்டிகளையெல்லாம் பிரித்துக் கொடுத்தேன். வராதவர்கள் வீட்டுக்கு நானே கத்தரியோடு போனேன். இன்னும் ஐந்தாறு வண்டிகள் எங்கே ஓடுகின்றன என்று தெரியவில்லை. ரோட்டில் நான் தைத்த மாதிரி சீட் எதைப் பார்த்தாலும் எட்டிப் பார்க்கிறேன்.

சகலையின் வண்டி மேல் இருந்த பொறாமை முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பேச்சு வாங்கினாரே, அந்த மனசு எனக்கு இல்லையே என்ற பொறாமைதான் இப்போது பெரிசு. அது மட்டும் என்னை விட்டுப் போகவே வேண்டாம் என்று நினைக்கிறேன்.