மிஞ்சிய நூறு சோளம்

மே மூன்றாம் தேதி, சிலுவைத் திருநாள் மாலை, எங்கள் மலையில் அக்கம்பக்கத்தார் கூடி இயேசுவின் பெயரை ஆயிரம் தடவை சொல்வார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மக்காச்சோள மணியை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால்தான் கணக்குத் தப்பாது. என் அப்பாவின் தங்கை ரோஸ்மீராவுக்கு மட்டும் அது தேவைப்பட்டதில்லை. பள்ளிச் சீருடை தைக்கிறவள். வயது நாற்பத்து நான்கு. முன்னால் நின்று மனக்கணக்கிலேயே நூற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, செபம் சொல்லி, ஆயிரத்தில் சரியாக முடிப்பாள்.

ஆனாலும் மூன்று வருஷமாக ஆயிரம் மணியை எண்ணி என்னிடம் தந்து பக்கத்தில் உட்காரவைத்தாள். எனக்கு அலுப்பாக இருக்கும். பள்ளி முடித்தவளுக்கு இதுதானா வேலை என்று நினைப்பேன்.

இந்த வருஷம் அவள் "ஆமென்" சொன்னபோது என் கிண்ணத்தில் சோளம் மிச்சமிருந்தது. சட்டென்று கையால் மூடினேன்.

"என்னம்மா ரோஸ்மீரா, சீக்கிரம் முடிச்சுட்ட? அடுப்புல பீன்ஸ் கருகுதோ?" என்றார் பக்கத்து வீட்டு எலியேசர். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு மிச்சம்?"

"ரெண்டு மூணுதான், அத்தை. நான்தான் மாத்த மறந்திருப்பேன்."

கிண்ணத்தை வாங்கி மேசையில் கொட்டினாள். பத்துப் பத்தாகத் தள்ளினாள். நூறு.

"இதுதான் ரெண்டு மூணா? மூணு வருஷமா எதுக்கு உங்கிட்ட சோளத்தைக் குடுத்தேன்னு நெனச்சே?"

அப்போதுதான் புரிந்தது. தன்னையே அளந்து பார்க்க அவள் வைத்திருந்த தராசு நான்.

"எங்கம்மாவுக்கு நாப்பத்தஞ்சுல ஆரம்பிச்சுது. பீன்ஸுக்கு ரெண்டு தடவை உப்பு. கேட்டதையே கேப்பா. ஊரே சிரிச்சுது, ஏதோ மந்திரிச்ச மரத்தைத் தொட்டதால வந்த மறதின்னுச்சு. அவகிட்ட ஒருத்தரும் சொல்லல. டாக்டர்கிட்ட போறப்போ கையெழுத்துகூட வரல."

"களைப்பா இருக்கும், அத்தை. மறதி யாருக்குத்தான் இல்ல?"

"சாவியை வச்ச எடம் மறந்தா நானும் சிரிப்பேன், மகளே. போன மாசம் சீருடைச் சட்டையோட இடது கையை வலது பக்கம் வச்சுத் தச்சேன். ரெண்டு தடவை. கை தானா செய்யுற வேலையிலேயே வழி தவறுது. அது வேற."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்த நூறு மணியைக் கைக்குட்டையில் முடிந்தாள்.

திங்கட்கிழமை, டாக்டரைப் பார்க்க மெதெயின் நகரத்துக்குப் போகும் பேருந்தில் முடிச்சை அவிழ்த்து என் மடியில் வைத்தாள். "பாக்கியைச் சொல்லிடுறேன். பாத்துக்க." ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுத்தாள். மணியை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். கடைசி மணியோடு அவள் குரலும் நின்றது.

மருத்துவர், ஒரு பெண், இன்னும் எதுவும் உறுதியில்லை, சோதனைகள் பல இருக்கின்றன என்றார். காகிதத்தைப் பார்த்துக் கேட்டார்: "மாற்றத்தை முதல்ல கவனிச்சது யாரு?"

"சோளம்," என்றாள் அத்தை.

பிறகு பேனாவை வாங்கி, அந்தக் காகிதத்தில் தன் முழுப்பெயரையும் நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டாள்.