உம்மா கொண்டுவந்த வெள்ளைத் துணி

என் வயிறு பெருத்த வருடம் என் கணவர் சவூதியில் இருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. அவர் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. மிச்சத்தை ஊர் பேசியது. கல்முனைச் சந்தையில் மீன்காரன்கூட முதலில் என் வயிற்றைத்தான் பார்ப்பான், பிறகுதான் முகத்தை.

ஊர் வாயை விடுங்கள். என்னோடு ஒரே சஹன் தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவதை என்னைப் பெற்ற உம்மாவே நிறுத்திவிட்டார். அதுதான் என்னைக் கொன்றது.

தொழுகைப் பாயில் விழுந்து அழுதேன். "யா அல்லாஹ், புருஷன் இல்லாமப் பெத்தா எண்டு மர்யம் அம்மா மேல ஊர் பழி போட்டக்குள்ள, அவங்கட தொட்டில் புள்ளயையே அவங்களுக்காகப் பேச வெச்சாய். நான் அவங்கட கால்தூசிக்கும் பெறமாட்டன். எண்டாலும் எனக்காகப் பேச ஒருத்தரும் இல்லையே றப்பே!"

அப்படியே கண்ணயர்ந்தேன். கனவில் கடற்கரை. நுரை என் மடிவரை வந்து போனது. மடியில் முகம் தெரியாத ஏதோ ஒன்று. அதன் நீண்ட முடியை நான் வாரிக்கொண்டே இருந்தேன். பயமே இல்லை. விழித்த பிறகும் விரல்களில் ஈரம் இருப்பதுபோல இருந்தது.

சில நாட்களில் வலி தாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டி என்று சொல்லி வெட்டி எடுத்தார்கள். உள்ளே முடியும் பல்லும் இருந்ததாம். தாதி சொன்னதைக் கேட்ட உம்மா வீட்டுக்கு ஓடி, வெள்ளைத் துணியோடு திரும்பி வந்தார். குறைமாதத்தில் போன பிள்ளையை எங்கள் பக்கம் அப்படித்தான் சுற்றி அடக்குவோம். பாதி மயக்கத்தில் அந்தத் துணியைக் கண்டேன். உம்மாவும் ஊரோடு சேர்ந்துவிட்டார் என்று நெஞ்சு வெடித்தது.

"அந்தப் புள்ளயத் தாங்க டாக்டர், நாங்க அடக்கணும்" என்றார் உம்மா.

டாக்டர் அம்மா அவரைப் பக்கத்தில் இருத்தினார். "இது புள்ள இல்லம்மா. புள்ள எண்டா தாயிட பாதி, தகப்பன்ட பாதி நிறமூர்த்தம், அதான் பரம்பரைக் கூறு, இருக்கும். இந்த மாதிரிக் கட்டியில ஆணிட பங்கே இல்ல எண்டு ஆராஞ்சு கண்டிருக்காங்க. இவட முட்டை ஒண்டு தானாத் தனிய வளந்திருக்கு. அந்த முட்டையும் இவ உங்கட வயித்துல இருக்கக்குள்ளயே உண்டானது."

உம்மா துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "அப்ப அது என்ட வயித்துலயும் கிடந்ததுதானே மகள்?" என்று என்னிடம் கேட்டு அழுதார்.

வீடு வந்த அன்று சஹனில் சோறு போட்டு, முதல் பிடியை என் வாயில் வைத்தார். என் கணவர் திரும்பியபோது எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னதும் உம்மாதான். அல்ஹம்துலில்லாஹ். இன்றும் எந்தப் பெண்ணின் வயிற்றைப் பற்றியும் என் முன்னால் ஒருவரைக் கதைக்க விடமாட்டேன்.

உங்களுக்காகப் பேச ஆளில்லையா சகோதரிகளே? தொழுகைப் பாயை விரித்து அல்லாஹ்விடம் சொல்லுங்கள். எனக்காக அவன் வாயில்லாத ஒரு கட்டியையே பேச வைத்தான்.