பதிலுக்குப் போனவள்

சுதர்ஷினியின் பெயரைக் கேட்டாலே நாகலெட்சுமிக்கு வயிறு எரியும். கேட்காமல் இருக்கவும் முடியாது. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேறு பேச்சே கிடையாது. உயரம் பாய்தலில் நாட்டுக்கே சாம்பியன், ராணுவத்தில் வேலை, வெளிநாட்டுப் பயணம், டவுனில் மாடி வீடு. பஸ் நிற்கும் இடத்தில்கூட அவள் படம்தான். அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நாகலெட்சுமி பஸ்ஸுக்குக் காத்திருப்பாள்.

இரண்டு பேரும் ஒரே லயத்தில், தோட்டத்தின் வரிசை வீடுகளில், வளர்ந்த பிள்ளைகள். செடியின் மேல் குறுக்கே வைத்து மட்டம் பார்த்துக் கொழுந்து பறிப்பார்களே, அந்த மட்டக்கம்பை அம்மாக்களுக்குத் தெரியாமல் எடுத்து வந்து, கவைக்குச்சிகளில் வைத்துப் பாய்வார்கள். சுதர்ஷினி தட்டிவிட்ட உயரத்தையெல்லாம் நாகலெட்சுமி தாண்டினாள். இப்போது அது யாருக்கும் ஞாபகமில்லை, அவளைத் தவிர.

மாகாணப் போட்டிக்குப் பள்ளிக்கூடம் தேர்ந்தெடுத்ததும் அவளைத்தான். போகவேண்டிய வாரம் பார்த்து வயதுக்கு வந்துவிட்டாள். சேலையைத் திரையாகக் கட்டி, மூலையில் உட்காரவைத்து, உளுந்தங்களி ஊட்டினார்கள். அவள் இடத்தில் பதிலுக்குப் போன சுதர்ஷினி புதிய சாதனையோடு திரும்பினாள். திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "லெச்சுமி, நான் ஜெயிச்சிட்டேன்டி!" என்றாள். வாயிலிருந்த களியை நாகலெட்சுமி மூலையில் துப்பினாள்.

அதற்குப் பிறகு டிவியில் சுதர்ஷினி ஓடிவரும்போதெல்லாம், "விழுந்திரு, விழுந்திரு" என்று நாகலெட்சுமி குறுக்குக் கம்பைக் கெஞ்சுவாள். பாழாய்ப்போன கம்பு ஆடுமே தவிர விழாது. முழங்கால் கெட்டு சுதர்ஷினி பாய்வதை நிறுத்திய அன்று நாகலெட்சுமி பாயாசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று கேட்ட புருஷன் கஜேந்திரனிடம், "சும்மாதான்" என்றாள்.

மகள் பிரியந்திக்கும் பாய்ச்சல் வந்தது. விடுவாளா அம்மாக்காரி? அதே மாகாணப் போட்டி வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். போட்டியன்று விடியற்காலையில் பிரியந்தி முகம் வெளிறி வந்து நின்றாள்.

"அம்மா, பாவாடையில..."

நாகலெட்சுமி கதவைச் சாத்தினாள். சொன்னால் லயமே வாசலில் கூடிவிடும், பிள்ளைக்கு மூலைதான். சொல்லாமல் அனுப்பியது வெளியே தெரிந்தால் ஊரே காறித் துப்பும்.

"வாயத் தொறக்காத," என்றாள். "திரும்பி வந்தப்பொறவு சொல்லிக்கலாம். இன்னைக்கு அந்த சுதர்ஷினி சாதனைய ஒடைச்சே ஆவணும்."

ஹட்டன் மைதானத்துக்குப் பிரதம விருந்தினரே சுதர்ஷினிதான். அவளுடைய பழைய சாதனைக்கு மேலே கம்பை ஏற்றினார்கள். பிரியந்தி ஓடினாள். "விழுந்திராத, விழுந்திராத" என்று நாகலெட்சுமி முணுமுணுத்தாள். கம்பு அசையவே இல்லை.

பதக்கத்தைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு, காலை விந்தி விந்தி வந்த சுதர்ஷினி நாகலெட்சுமியைக் கட்டிக்கொண்டாள். "லெச்சுமி, ஒம் மகளாடி? அப்படியே ஒன்னோட பாய்ச்சல். அன்னைக்கு நீ போயிருந்தா என்னைய யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

இத்தனை வருடம் கேட்க ஏங்கிய வார்த்தை. இப்போது காதில் விழுந்தும் இனிக்கவில்லை. அவள் கண் மகள் மேலேயே இருந்தது.

"அம்மா, பாத்தீங்களாம்மா?" என்று பிரியந்தி ஓடிவந்தாள்.

"பாத்தேன்" என்றாள் நாகலெட்சுமி. இவளுக்கு வாய்த்த மாதிரி ஓர் அம்மா தனக்கு வாய்க்கவில்லையே என்று, பெற்ற மகள் மேலேயே அவளுக்கு வயிறு எரிந்தது.