பாட்டில்லாத இசைத்தட்டு

என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. அறுபதுகளின் நடுவில் ஒரு தடவை லீவில் வந்தபோது, சட்டைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்து ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். அட்டையில் ஒரு கிடார். ஜாஸ் இசை, பிரேசில் நாட்டுத் தாளம் கலந்தது என்று பின்பக்கம் ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"ஒனக்குப் பிடிக்கும்னு தோணுச்சு" என்றார். அதைப் போட்டுக் கேட்க வீட்டில் பெட்டி கிடையாது. பத்தே நாளில் அவர் மறுபடி கிளம்பிவிட்டார்.

என் மாமியாருக்கு மகன் கப்பலுக்குப் போனது பொறுக்கவில்லை. மகனிடமிருந்து கடிதம் வந்தால் நான் வாசிக்கத் தொடங்கியதுமே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

நான் மணமேல்குடிப் பள்ளியில் டீச்சர். ஒரு சனிக்கிழமை தட்டை எடுத்துக்கொண்டு அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினேன். கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் மைக்செட் கடை அங்கே இருந்தது. கடைக்காரர் தட்டைச் சுழலவிட்டார். கிடார் கீச்கீச்சென்று பறந்தது.

"வேகம் தப்புங்க டீச்சர்" என்று ஒரு குமிழைத் திருப்பினார். இசை தரையில் கால் ஊன்றியது.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பாட்டு எப்பங்க வரும்?" என்றார்.

பாட்டே வரவில்லை. கிடார்தான் பேசியது. பின்னால் மத்தளம் மாதிரி எதுவும் அதிரவில்லை. ஈர்க்குமாறால் முற்றம் பெருக்குவதுபோல ஒரு சத்தம் மட்டும். தாளம் நான் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே வந்து நின்றது. மூன்றாவது மெட்டு சோகம்தான், ஆனால் அழவில்லை. அதைக் கேட்டபோது எனக்குத்தான் கண் கலங்கியது.

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் போனேன். தட்டைக் கடையிலேயே விட்டுவைத்தேன்.

தை மாதம் எங்கள் பக்கத்து வீட்டில் காதுகுத்து. அதே கடைக்காரர்தான் மைக்செட் கட்ட வந்தார். காலையில் சினிமாப் பாட்டுகள் முடிந்ததும், தென்னையில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து என் கிடார் கிளம்பியது! தெருவே ஒரு நிமிஷம் திகைத்தது. "என்னய்யா, ஆளே பாடலியே?" என்று யாரோ கத்தினார்கள்.

"டீச்சர் வீட்டு ரிக்கார்டுங்க. கப்பல்லேருந்து வந்தது" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை இறக்கி வைத்தார்.

"இது அவன் கொண்டாந்ததா?"

"ஆமாங்க அத்தை."

மெட்டு முடியும்வரை கேட்டார். பிறகு, "அங்கிட்டு இந்த மாதிரியெல்லாம் கேட்டுக்கிட்டா இருக்கான்? சந்தோசமாத்தான் இருக்கான் போல" என்றார். குரல் இறங்கியிருந்தது. "போன வாரம் வந்த கடுதாசிய எடுத்து வாசி, ஆத்தா."

வாசித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

அடுத்த லீவில் என் கணவர் ஒரு ரிக்கார்டு பிளேயரைச் சுமந்துகொண்டு வந்தார். மதியச் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதல் மெட்டுக்குக் கணவர் தலையாட்டினார். இரண்டாவது தொடங்கியதும் முகம் மாறியது.

"இது எனக்குத் தெரியாது. வாங்குன கடையில முதல் மெட்டு மட்டுந்தான் கேட்டேன். அதுக்குள்ள கப்பல் கிளம்புற நேரமாயிருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பேசாம கேளுங்க. அடுத்து வர்றதுதான் நல்லாருக்கும்" என்றேன்.